ஐந்தாவது ஏன்

விண்ணப்பப் படிவத்தில் மொத்தம் ஏழு கேள்விகள். பெயர், துறை, ஆண்டு, எந்தப் பிரிவில் சேர விருப்பம், ஏன் அந்த விருப்பம். இதுவரை சிக்கலில்லை. ஆறாவது கேள்வியில்தான் பேனா நின்றது. ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும்?’

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் வகுப்புப் பையன் யோசிக்காமல் 30 என்று எழுதினான். நான் கணக்குப் போட்டேன். வகுப்பு 4.40க்கு முடியும். பெண்கள் விடுதியின் கேட் 6.30க்குப் பூட்டும். பட்டறையிலிருந்து விடுதிக்கு விறுவிறுவென்று நடந்தால் பன்னிரண்டு நிமிடம். கையில் ஒட்டியிருக்கும் கிரீஸைக் கழுவ ஐந்து நிமிடம். ஆக, நாளுக்கு ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை அரை நாள். 12 என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு ‘இந்தப் பெண்ணுக்கு ஆர்வம் இவ்வளவுதான்’ என்றுதானே தோன்றும்? இன்னும் பதினெட்டு மணி நேரம் என்னிடம் இருந்தது. அது கேட்டுக்கு உள்ளே இருந்தது.

எங்கள் பொறியியல் கல்லூரியின் மாணவர் ராக்கெட் குழுவில் 2017இல் இப்படித்தான் சேர்ந்தேன். எல்லோரும் தன்னார்வலர்கள். மதிப்பெண் கிடையாது, வருகைப் பதிவில் சலுகை கிடையாது, ஆளுக்கு 1,500 ரூபாய் சந்தா வேறு. இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு ராக்கெட்டை நாங்களே செய்து, ஒரு கிலோமீட்டர் உயரம் அனுப்பி, பாராசூட்டில் பத்திரமாக இறக்க வேண்டும் என்பது இலக்கு. இருபத்தாறு பேரில் நாங்கள் நான்கு பெண்கள். மற்ற மூவரையும் நன்கொடைக் கடிதம் எழுதவும், இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும், விழாக்களில் தொகுத்துப் பேசவும் போட்டார்கள். அவை வேலையில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடிதங்கள் இல்லாமல் அலுமினியக் குழாய் வந்திருக்காது. ஆனால் அந்த மூவரில் ஒருத்தி மின்னணுப் பிரிவைக் கேட்டிருந்தாள்.

நான் உந்துவிசைப் பிரிவைக் கேட்டேன். அதாவது மோட்டார். நேர்காணலில் சீனியர் ஒருவர் சிரித்தார். “ப்ரொபல்ஷனா? அதுல பாதி நேரம் பாகு காய்ச்சுற வேலைதாம்மா. உனக்கு ஈஸியா வந்துரும்.” மற்றவர்களும் சிரித்தார்கள். நானும்தான். அந்தச் சிரிப்போடுதான் உள்ளே போனேன்.

எனக்குச் சமைக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பாகு காய்ச்சுகிறவர் அப்பா. கல்யாணச் சமையல் மாஸ்டர். முகூர்த்த நாள் என்றால் முந்தின நாள் சாயங்காலமே கரண்டிகளோடு கிளம்பிவிடுவார். விடிய விடிய அடுப்படியில் நின்று, மறுநாள் பந்தி முடிந்துதான் வீடு திரும்புவார். கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் அவருக்கு விரல்நுனியில். அம்மா காய்ச்சினால் குறை சொல்லுவார். பெண்களுக்குப் பாகு தானாக வரும் என்று நம்புகிறவர்கள் எந்தக் கல்யாண மண்டபத்தின் பின்கட்டையும் எட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

பாகு என்று அவர் சொன்னது முழுக்கக் கேலியில்லை. உலகம் முழுக்க மாணவர் குழுக்கள் முதலில் கைவைக்கும் திட எரிபொருள்களில் ஒன்று, பொட்டாசியம் நைட்ரேட்டைச் சர்க்கரையோடோ சார்பிட்டாலோடோ சேர்த்து உருக்குவது. சார்பிட்டால் என்பது சர்க்கரை நோயாளிகளுக்கான மிட்டாயில் போடும் அதே இனிப்புதான். தீ காட்டாமல், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் மின் அடுப்பில் உருக்கி, அட்டைக் குழாய்களில் வார்த்து, நடுவில் துளை வருமாறு ஆறவைப்போம். அப்படி வார்த்த துண்டுக்கு கிரெயின் என்று பெயர். நான்கு கிரெயின்களை அலுமினியக் குழாய்க்குள் அடுக்கி, ஒரு முனையை மூடி, மறுமுனையில் கிராஃபைட் நாசிலைப் பொருத்தினால் மோட்டார். (அளவுகளை இங்கே எழுதப்போவதில்லை. கூடவே ஆசிரியரும் அனுமதியும் பாதுகாப்பும் இல்லாமல் தொடக் கூடாத வேலை இது.)

எரிபொருள் தன் மேற்பரப்பில்தான் எரியும். மேற்பரப்பு எவ்வளவோ அதற்கேற்ற வாயு, வாயுவுக்கேற்ற அழுத்தம். அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். அதனால் கிரெயினுக்குள் ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து. தீ அந்த ஓட்டையைத் தொட்டவுடன், கணக்கில் இல்லாத புது மேற்பரப்பு ஒன்று முளைக்கும். அழுத்தம் எகிறும். குழாய் தாங்காது.

இதை அப்பாவிடம் விளக்கியபோது அவருக்குச் சட்டென்று புரிந்தது. “மைசூர்பாக்குல ஓட்டை விழுந்தாத்தான் பதம். உங்க பாக்குல ஓட்டை விழுந்தா வெடி. அப்படித்தானே?” அப்படித்தான். “அப்ப ஊத்துறப்ப பாத்திரத்தைத் தட்டிக்கிட்டே இருக்கணும் பாப்பா. குமிழு மேல வந்துரும்.” எங்கள் செய்முறைக் குறிப்பேட்டில் அது எட்டாவது படியாக ஏறியது. பத்தாவது படி என்னுடையது. ஆறின ஒவ்வொரு கிரெயினையும் தராசில் வைத்து, அளந்து, இருக்க வேண்டிய அடர்த்தியோடு ஒப்பிட வேண்டும். நூற்றுக்கு 95க்குக் கீழே போனால் உள்ளே எங்கோ வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். தூக்கிப் போட வேண்டியதுதான். எக்ஸ்ரேயெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. தராசு 900 ரூபாய்.

அந்த வருடம் உந்துவிசையின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இவான் பிரில்லைக் கண்டேன். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்தவர். செயற்கைக்கோள்கள் குறைந்த எரிபொருளில் தங்கள் இடத்தில் நிலைத்திருக்க உதவும் ஹைட்ராஸீன் உந்துபொறியை உருவாக்கியவர். 2013 மார்ச்சில் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட இரங்கல் கட்டுரை, அவர் சமைக்கும் மாட்டிறைச்சிக் குழம்பைப் புகழ்ந்துதான் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பியபின் அந்த வரியை மாற்றினார்கள். பிரில்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குழம்புக் கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்குத் தைத்தது அதே கட்டுரையின் இன்னொரு விவரம். மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பொறியியல் படிக்க இடம் கிடைக்கவில்லை. பொறியியல் மாணவர்கள் வெளியில் முகாமிட்டுத் தங்க வேண்டுமாம், அங்கே பெண்கள் தங்க வசதி இல்லையாம். கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு ராக்கெட்டுக்கு வந்தார். அறிவில்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தங்க இடமில்லை என்பதற்கு என்ன பதில் சொல்வது? எழுபது வருடம் கழித்து, இன்னொரு கண்டத்தில், எனக்கும் அதே பதில்தான் வேறு வார்த்தையில் வந்துகொண்டிருந்தது.

எங்கள் பட்டறைச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் ஒட்டியிருந்தது. 1936இல், கலிபோர்னியாவின் அரோயோ செக்கோ ஆற்றுப்படுகையில், கால்டெக்கின் ஃபிராங்க் மலினாவும் ஜாக் பார்சன்ஸும் நண்பர்களும் தங்கள் முதல் ராக்கெட் மோட்டார் சோதனைக்காக மணலில் சாய்ந்து கிடக்கும் படம். ‘தற்கொலைப் படை’ என்று கல்லூரியில் பட்டப்பெயர் வாங்கிய அந்தக் கூட்டம்தான் பிறகு ஜெட் உந்துவிசை ஆய்வகமாக வளர்ந்தது. எங்கள் பையன்களுக்கு அது சாமி படம். எனக்கும் பிடிக்கும். ஆனால் கால்டெக் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1970இல்தான் என்பதை நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். விடுதி வரவேற்பறையில் வேறொரு படம். 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயை எட்டிய நாளில், புடவையும் பூவுமாக இஸ்ரோ பெண்கள் கட்டிக்கொண்டு சிரிக்கும் அந்தப் படம். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே மேசை. மேசையில் ‘தாமதமாக வருவோர் பதிவேடு’.

பகலில் பட்டறையில் வகுப்புகள் நடக்கும். அதனால் வார்க்கும் வேலை ஐந்து மணிக்கு மேல்தான். உலர்த்துவது, எடைபோடுவது, உருக்குவது, வார்ப்பது எல்லாம் சேர்ந்து நாலு மணி நேரம் பிடிக்கும். நான் முதல் பாதியை முடித்துவிட்டு ஓடுவேன். மீதி வாட்ஸ்அப் வீடியோவில் நடக்கும். கட்டிலில் உட்கார்ந்து, அறைத்தோழிகள் படிக்கிறார்களே என்று குரலைத் தாழ்த்தி, “இன்னும் கிளறுங்கண்ணா, கரண்டியில ஒட்டுது பாருங்க”, “தட்டுங்க, தட்டுங்க” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கட்டில்காரி, “என்னடி இது, தினமும் யாருக்குச் சமையல் சொல்லிக் குடுக்கற?” என்று கேட்டாள். ஐந்து மாதம் நான் ராக்கெட் மோட்டாரை ஆறு அங்குலத் திரைக்குள் வார்த்தேன். குழுவில் அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. எல்லோரும் அன்பானவர்கள். ‘பாவம், அவளுக்கு கேட் இருக்கு’ என்பார்கள், ஏதோ எனக்கு ஆஸ்துமா இருப்பதுபோல.

2018 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, மோட்டாரைத் தரையில் பூட்டி எரித்துப் பார்க்கும் சோதனை. காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் கடிதம் கொடுத்து வாங்கிய நாள். வியாழன் இரவு கடைசி இரண்டு கிரெயின்களை வார்க்க வேண்டும். ஒன்பதரை வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் சொன்னார்கள்: “பரீட்சை நேரம், உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நினைச்சோம்.”

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து சோதனை இடத்துக்கு ஓடியபோது மணி 4.50. மோட்டாரை முழுக்கப் பூட்டி, தாங்கியில் ஏற்றியிருந்தார்கள்.

“கிரெயின் எடை பாத்தீங்களாண்ணா?”

“பார்த்தாச்சு மாதிரிதான். கையில தூக்கினப்ப நல்லாத்தான் இருந்துச்சு.”

“கழட்டிப் பாத்துரலாம்ணா. முக்கால் மணி நேரம்தான்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்காகத்தான் பார்த்தார், அதுதான் கொடுமை. “கழட்டினா மறுபடி பூட்ட ஆறு மணி ஆயிரும். உனக்கு கேட் இருக்குல்ல? நீ வேணா கிளம்பு, நாங்க பாத்துக்கறோம்.”

சரிபார்ப்புத் தாளில் உந்துவிசைப் பொறுப்பாளர் கையெழுத்து என்று ஓர் இடம் இருந்தது. என் கையெழுத்து. அது இல்லாமல் சோதனையைத் தொடங்கக் கூடாது என்ற விதியை எழுதியதும் நான்தான். ‘முடியாது, கழட்டுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சோதனை ஆறரைக்கு நடக்கும். ஐந்து மாதம் திரையில் வார்த்ததை எரியும்போது நேரில் பார்க்க முடியாமல் போகும். அதோடு, இருபது பேர் காத்திருக்கும்போது ‘பெரிய சயின்டிஸ்ட்’ என்ற பெயரும் சேரும். பத்தாவது படிக்கு நேரே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அறுபது மீட்டர் தள்ளி, சுவருக்குப் பின்னால் நின்றோம். பத்திலிருந்து எண்ணினோம். முதல் அரை நொடி அவ்வளவு அழகு. நாசிலிலிருந்து நேராக, ஆடாமல் ஒரு வெள்ளைப் புகைத்தூண். பிறகு சத்தம் மாறியது. அந்த மாற்றத்தைக் காது பிடித்துவிட்டது, மூளை பிடிப்பதற்குள் வெடித்துவிட்டது. முன்மூடி பிய்த்துக்கொண்டு மணல் மூட்டைக்குள் ஒரு முழ ஆழம் போயிருந்தது. குழாய் நீளவாக்கில் வாய் பிளந்து கிடந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிறகு கணினியில் பார்த்தபோது, லோட் செல்லின் வரைகோடு 0.9 நொடி வரை நாங்கள் போட்ட கணக்கின்மேலேயே போய், அங்கிருந்து செங்குத்தாக ஏறி, பூஜ்யத்துக்கு விழுந்திருந்தது.

நான் கேட்டை அடைந்தபோது மணி 6.38. இஸ்ரோ பெண்களுக்குக் கீழே உட்கார்ந்து பதிவேட்டில் எழுதினேன். தாமதம்: எட்டு நிமிடம். காரணம்: சோதனை. வார்டன் மேடம் என் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா ஏதோ மண்டபத்து அடுப்படியில் இருந்தார், பின்னால் பாத்திரச் சத்தம். போனை என்னிடம் கொடுத்தார்கள்.

“உனக்கொண்ணும் ஆகலியே பாப்பா?”

“இல்லப்பா. மோட்டார்தான் வெடிச்சிருச்சு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “தட்டினியா?” என்றார்.

“நான் அங்க இல்லப்பா.”

தோல்வி அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. தொழிற்சாலைகளில் ‘ஐந்து ஏன்’ என்று ஒரு முறை உண்டு. டொயோட்டா நிறுவனத்தால் பரவியது. ஒரு கோளாறுக்குக் காரணம் கிடைத்ததும் நிறுத்தாமல், அதற்கு ஏன், அதற்கு ஏன் என்று அடிவேர்வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.

மோட்டார் ஏன் வெடித்தது? அறையழுத்தம் குழாய் தாங்கும் அளவைத் தாண்டியது. ஏன்? ஒரு கிரெயினில் வெற்றிடம் இருந்திருக்க வேண்டும். மீந்துபோன எரிபொருள் கட்டியை உடைத்துப் பார்த்தபோது விரல் நுழையும் ஓட்டைகள் இருந்தன. அது ஏன் முன்பே கண்டுபிடிக்கப்படவில்லை? எடை பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? பார்க்க வேண்டியவர் வார்க்கும்போதும் பூட்டும்போதும் அங்கே இல்லை. அவர் ஏன் அங்கே இல்லை? பெண்கள் விடுதியின் கேட் 6.30க்கு மூடப்படுகிறது. ஆண்கள் விடுதிக்குத் தாளில் 9.30, நடைமுறையில் அதுவும் இல்லை.

ஆலோசகர் பேராசிரியர் நல்லவர். எங்களுக்காக நிர்வாகத்திடம் நிறையத் திட்டு வாங்கியவர். அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இது டெக்னிக்கல் ரிப்போர்ட்மா. இதுல சோஷியல் விஷயத்தைக் கலக்காத. அஞ்சாவதை எடுத்துரு. இது மேல போச்சுன்னா, பொண்ணுங்களுக்கு எதுக்கு ராக்கெட்னுதான் கேப்பாங்க, கேட்டைத் தொறக்க மாட்டாங்க.” அவர் சொன்னதில் பாதி உண்மை. நடந்திருக்கக்கூடியது அதுவேதான். எடுத்துவிட்டேன். ‘மூல காரணம்: செயல்முறை பின்பற்றப்படவில்லை’ என்று முடியும் அறிக்கைதான் கல்லூரிக் கோப்பில் இருக்கிறது. யார் எழுதிய செயல்முறை, அதைப் பின்பற்ற முடியாதபடி எது தடுத்தது என்று அதில் ஒரு சொல் இல்லை. நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்ற ஆறாவது ஏன் முதல் வரைவிலேயே இல்லை. அதை வேறு யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

பிறகு நாங்கள் நாலு பேரும், நாலாவது மாடி அக்காக்கள் சிலருமாகச் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். 2015இலேயே டெல்லி மாணவிகள் விடுதி நேரத்தை எதிர்த்து ‘பிஞ்ச்ரா தோட்’ என்று, கூண்டை உடை என்று, கிளம்பியிருந்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறைகள், 2015 இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதிக்கு மட்டும் பாகுபாடான விதிகளை வைக்கக் கூடாது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு இணைத்தோம். ‘கமிட்டிக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. நான் படித்து முடிக்கும்வரை அது கமிட்டியிலேயேதான் இருந்தது.

கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை பகல். பேராசிரியர் தன் பொறுப்பில் பட்டறைச் சாவியை வாங்கித் தந்தார். காலை ஒன்பது மணிக்கு முதல் முறையாக என் கையால் வார்த்தேன். சூடு கையுறையைத் தாண்டி வந்தது. அது திரையில் தெரியாத விஷயம். மே மாதச் சோதனையில் மோட்டார் கணக்குப்படி எரிந்து முடிந்தது. ராக்கெட் அடுத்த வருடம் பறந்தது, ஒரு கிலோமீட்டரை எட்டவில்லை. அது தனிக் கதை.

படிப்பு முடித்து வெளியேறும்முன் வார்ப்புக் குறிப்பேட்டில் ஒரு காரியம் செய்தேன். வார்த்தவர், எடை பார்த்தவர், நேரம் என்றிருந்த பத்திகளோடு ‘வராதவர்’, ‘காரணம்’ என்று இரண்டு பத்திகளைக் கோடு போட்டுச் சேர்த்தேன். அறிக்கையில் எழுத முடியாததற்குக் குறிப்பேட்டில் ஒரு விரற்கடை இடம்.

போன மாதம் ஒரு ஜூனியர் அந்தக் குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாள். உந்துவிசைப் பிரிவில் இப்போது மூன்று பெண்களாம். காரணம் பத்தியில் ஒரே சொல் கீழிறங்கிக்கொண்டே போனது. கேட். கேட். கேட். காய்ச்சல் (பையன்). கேட். கடைசிப் பதிவு மட்டும் கொஞ்சம் நீளம்: ‘கேட். எடை பார்க்கப்படவில்லை. கையெழுத்து இடவில்லை. சோதனை ஒத்திவைப்பு.’

அவளைக் கூப்பிட்டேன். “சார் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாருக்கா. அதை அழிச்சிடச் சொன்னாரு. பேனாவுல எழுதிட்டேன் சார்னு சொன்னேன்.”